என் கல்யாணத்துக்காக ஒரு சட்டத்திருத்தம்

போன வாரம் இந்தத் தொடரை அம்மாவுக்கு மூன்று மாத விசா கிடைத்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அவர் மன்னாரிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்து இறங்குவதற்கு முன்னால், ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அன்று கொளுத்தும் வெயில். எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு நீள மேசை. அதற்குப் பின்னால் மூன்று பேர் பனிக்காலத்துக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, வியர்வையைத் துடைத்துத் துடைத்து இருந்தார்கள். அவர்கள்தான் எங்கள் சங்கத்தின் நீதிபதிகள். நீதிபதி என்றால் கறுப்பு அங்கி வேண்டும், அங்கிக்கு எங்கே போவது? கோட் எல்லோர் வீட்டிலும் இருந்தது.

நான் முன்வரிசையில் இருந்தேன். ட்ராம் ஓட்டி முடித்து, உடுப்பு மாற்றாமல் நேரே வந்திருந்தேன். வழக்குப் போட்டவள் நான். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தேன், அதைச் சங்க மண்டபத்தில் செய்ய அனுமதி கேட்டிருந்தேன். தலைவர் ஏலாது என்று சொல்லிவிட்டார். அதுதான் வழக்கு.

இரண்டு பேர் என் பக்கம் சொன்னால் மண்டபம் எனக்கு. மூன்று பேரில் ஒருவர் எப்படியும் என் பக்கம்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் வலது பக்கம், யன்னலுக்குப் பக்கத்தில், கோட்டின் கடைசிப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு இருந்த நீதிபதிதான் மாப்பிள்ளை.

இது அந்த மண்டபத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அமெரிக்கா வந்த விதம்

ஜெர்மனியில் ஒரு தமிழ்ச் சங்கம், அதற்கு எதற்கு நீதிபதி என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் சங்கத்தைப் பதிவு செய்த அலுவலகத்திலும் அதையேதான் கேட்டார்களாம். "ஒரு கலாசாரச் சங்கத்துக்கு உச்ச நீதிமன்றம் எதற்கு?" என்று அந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம். "நாங்கள் தமிழர்" என்று எங்கள் ஆள் பதில் சொன்னாராம். அவர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

காரணம் ஒரு திறப்பு, அதாவது சாவி. தொண்ணூறுகளில் எங்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம், இப்போது நல்ல மனிதர். மண்டபத் திறப்பு, விருந்துச் சமையலுக்கான பெரிய அண்டாக்களான கிடாரங்கள் பூட்டியிருக்கும் அறைத் திறப்பு எல்லாம் அவர் காற்சட்டைப் பையில். சட்டம் போடுவதும் அவர், நடத்துவதும் அவர், சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவர். ஒரு ஆண்டு விழாவுக்கு முதல் நாள் யாரோ அவருடைய பேச்சைச் சுருக்கச் சொன்னார்கள். மனிதர் கோபித்துக்கொண்டு இரண்டு திறப்போடும் சுவிசில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் ஆண்டு விழாவை வாகனத் தரிப்பிடத்தில் நடத்தினோம். பரதநாட்டியம் ஆடிய பிள்ளைகளுக்கு நடுவால் ஒரு ஜெர்மன்காரர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் சின்னத்தம்பி அண்ணை எழும்பினார். அவர் ஸ்டுட்கார்ட்டில் அமெரிக்க இராணுவ முகாமில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். முகாம் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட ஒரு நீல மட்டைப் புத்தகத்தை எடுத்து வந்து, அமெரிக்காவின் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று முழுக்கப் படித்து, அதன்மேல் காதலாகிப் போனவர். சங்கத்தில் எல்லோரும் அவரை அமெரிக்கா அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அமெரிக்கா போனதே இல்லை.

"ஒருத்தன்ர பையில எல்லாத் திறப்பும் இருக்கக் கூடாது" என்றார் அமெரிக்கா அண்ணை. "அவங்கள் அதை இருநூறு வருசத்துக்கு முன்னமே கண்டுபிடிச்சிட்டாங்கள். சட்டம் போடுறது காங்கிரஸ். நடத்துறது ஜனாதிபதி. சட்டம் என்ன சொல்லுது எண்டு சொல்லுறது கோர்ட். மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருக்க வேணும்."

"மாமி, மருமகள், நாத்தனார் மாதிரியோ?" என்று நான் கேட்டேன்.

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றார். சிரிக்கவில்லை.

அப்படித்தான் எங்கள் சங்கத்துக்கு அமெரிக்க அரசியலமைப்பு வந்தது. மண்டபக் கதவுத் திறப்பு தலைவரிடம். கிடார அறையின் திறப்பு சபையிடம். சபை சட்டம் போடும். தலைவர் பிடிக்காவிட்டால் தடுப்பார். சபையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் திரும்பவும் கை தூக்கினால் தலைவரின் தடை செல்லாது. அமெரிக்காவைப் போல இரண்டு சபை வைக்கத்தான் அண்ணை ஆசைப்பட்டார். ஒரு சபைக்கே ஆள் பிடிக்க முடியாமல் வீடு வீடாக அலைந்ததில் அந்த ஆசை போனது.

மாநிலங்களுக்குப் பதிலாக நான்கு கிளைகள்: ஸ்டுட்கார்ட், எஸ்லிங்கன், பெப்லிங்கன், லுட்விக்ஸ்பர்க். கடைசியாக, மூன்று பேர் கொண்ட மன்றம். தலைவர் பெயர் சொல்ல, சபை ஒத்துக்கொண்டால், உயிருள்ளவரை பதவி.

"மன்றத்துக்கு என்ன திறப்பு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு திறப்பும் இல்லை. வாய் மட்டும்தான்" என்றார் அமெரிக்கா அண்ணை. "மற்ற ரெண்டு பேரும் அதைக் கேட்டு நடக்க வேணும். அதுதான் இதிலயுள்ள அழகு."

கேட்டு நடப்பார்கள் என்று நாங்கள் ஒருவரும் நம்பவில்லை.

ஓடித்தான் தீருவேன் என்றவர்

முதல் வழக்கு விளையாட்டுப் போட்டியில் வந்தது. ஐம்பது வயது தாண்டியவர்கள் ஓட்டப் பந்தயத்தில் ஓடக் கூடாது என்று சபை ஒரு சட்டம் போட்டது. முந்திய வருடம் ஒருவர் மயங்கி விழுந்ததால் வந்த நல்ல எண்ணம். ஆனால் ஐம்பத்து மூன்று வயது எஸ்லிங்கன்காரர் ஒருவர், எங்கள் அரசியலமைப்பின் முதல் வரியிலேயே உறுப்பினர் எல்லோரும் எல்லா நிகழ்ச்சியிலும் சமம் என்று இருக்கிறது, ஓடித்தான் தீருவேன் என்று மன்றத்துக்கு வந்தார்.

மன்றத்தின் மூத்தவர் அருளம்பலம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர், லுட்விக்ஸ்பர்க்கில் ஒரு அச்சகத்தில் வேலை. அவர் அந்த வரியை மூன்று தரம் வாசித்துவிட்டு, "சபையின்ர சட்டம் செல்லாது" என்றார்.

சபையில் பெரிய கொதிப்பு. "நாங்கள் போட்ட சட்டத்தைச் செல்லாது எண்டு சொல்ல உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது? அப்பிடி எங்க எழுதியிருக்கு?"

மாஸ்டரும் தேடிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை. எல்லோரும் அமெரிக்கா அண்ணையைத் திரும்பிப் பார்த்தோம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். "அங்கயும் எழுதியிருக்கேல்லை!" என்று கையைத் தட்டினார். "அங்கயும் கோர்ட் தானே ஒரு வழக்கில எடுத்துக்கொண்டதுதான்! ரெண்டு சட்டம் முட்டுப்பட்டால் எது பெரிசு எண்டு ஆரோ சொல்லத்தானே வேணும்!"

சபை முணுமுணுத்துக்கொண்டு அடங்கியது. எஸ்லிங்கன்காரர் ஓடினார். கடைசியாகத்தான் வந்தார், ஆனால் சட்டப்படி வந்தார். கை தட்டியதில் என் உள்ளங்கை சிவந்து போனது.

லிப்ட் பரிசோதகர்

இனி மாப்பிள்ளை. யோகநாதன், யாழ்ப்பாணத்துச் சைவர். லிப்ட் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலை. சான்றிதழின் திகதி முடிந்திருந்தால் ஒன்பதாம் மாடிக்கும் படியால் ஏறுவார், கூடப் போகிறவர்களையும் ஏற்றுவார். இதை நான் இரண்டாம் தரம் அவரோடு வெளியே போனபோது கண்டுகொண்டேன். மூச்சு வாங்கியதில் எனக்கு வந்த கோபத்துக்கு அன்றோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. நான்கு தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் தனக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டதை அவர் ஒரு முறைப்பாடு இல்லாமல் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

நான் கத்தோலிக்கப் பெண். அவர் சைவர். கோயிலில் கல்யாணம் வைத்தால் என் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், தேவாலயத்தில் வைத்தால் அவர் ஆட்கள் வரமாட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு பந்தியில் சாப்பிடக்கூடிய இடம் ஸ்டுட்கார்ட் முழுக்க ஒன்றுதான் இருந்தது. அது சங்க மண்டபம்.

வேறொரு காரணமும் உண்டு, அதுதான் பெரிய காரணம். எங்கள் சங்கத்தில் ஒரு கல்யாணம் என்றால் முதல் நாள் பின்னேரம் எல்லோரும் கத்தியும் பலகையுமாக வந்துவிடுவார்கள். மரக்கறி வெட்டுவது, தேங்காய் துருவுவது, கிடாரம் கழுவுவது எல்லாம் சங்கத்தார்தான். பத்து வருடமாக நான் ஒரு கல்யாணம் தவறவிட்டதில்லை. எனக்கு எப்போதும் வெங்காயம்தான் தருவார்கள். பிள்ளை குட்டி இல்லாதவள், வீட்டில் காத்திருக்க ஆளில்லை, அழுதாலும் கேட்க ஆளில்லை என்று பகிடி விடுவார்கள். நானும் சிரிப்பேன். இந்தத் தடவை எனக்காக அவர்கள் வெங்காயம் உரிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அப்பட்டமான ஆசை, மறைக்க என்ன இருக்கிறது?

அம்மா ஆவணிக் கடைசியில் திரும்ப வேண்டும். அதற்குள் நடக்க வேண்டும்.

அதனால் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டேன். அப்போது தலைவராக இருந்த பரம் அண்ணை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவர் பார்சல் களஞ்சியமொன்றில் மேற்பார்வையாளர், கெட்ட மனிதர் இல்லை.

"பிலோ, எங்கட அரசியலமைப்பில என்ன இருக்கு எண்டு பாரும். 'உறுப்பினர்களின் பிள்ளைகளின் திருமணத்துக்கு மட்டும் மண்டபமும் பாத்திரங்களும் வழங்கப்படும்.' நீர் உறுப்பினர். உறுப்பினரின்ர பிள்ளை இல்லையே?"

"உறுப்பினரே கலியாணம் செய்தால், அண்ணை?"

"அதைப் பற்றி ஒண்டும் இல்லை. நான் சட்டத்தை நடத்துறவன் பிள்ளை, எழுதுறவன் இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை ஆர்?" என்றார்.

"ஸ்டுட்கார்ட்காரர்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாங்கள் அப்படித்தான் முடிவு செய்திருந்தோம். ஒரு கிழமைக்கு முன்னால் சொன்னால் வாழ்த்துவார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் சொன்னால் ஆலோசனை சொல்வார்கள்.

அதன் பலனாக, என்னோடு ட்ராம் ஓட்டும் ஒரு மொட்டைத்தலை ஜெர்மன்காரரை நான் கட்டப்போவதாக நான்கு கிளைகளிலும் கதை பரவியது. அந்த மனிதருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

எழுதியவர்கள் உயிரோடு இருந்தால்

மீண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் மணியை அடித்தார்.

"கேள்வி சின்னது" என்றார். "பிள்ளைகளின் திருமணத்துக்கு மட்டும் எண்டு எழுதியிருக்கு. உறுப்பினர் பிள்ளை இல்லை. எழுதினதைத்தான் நான் வாசிக்கலாம். எழுதாததை வாசிக்கத் தொடங்கினால் பிறகு நான் நீதிபதி இல்லை, மூண்டு பேர் இருக்கிற ஒரு குட்டிச் சபை. நல்லது எண்டு எனக்குப் படுறதை எல்லாம் சட்டம் எண்டு சொல்லிக்கொண்டு இருக்க ஏலாது."

இரண்டாவது நீதிபதி சரோஜா அக்கா. ஆஸ்பத்திரியில் தாதி, யாருக்கும் பயப்படாதவர். "மாஸ்டர், அந்தச் சட்டம் எதுக்கு வந்தது? பிறந்தநாள், வீடு குடிபூரல், நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கிறது எண்டு கண்டதுக்கும் மண்டபம் கேட்டு, அயலட்டை ஜெர்மன்காரர் சத்தம் எண்டு பொலிசுக்கு அடிச்சதால வந்தது. அதைக் குறைக்கத்தான் 'மட்டும்' எண்டு போட்டது. பிலோமினாவை மறிக்க இல்லை. நோக்கத்தைப் பாருங்கோ. சட்டமும் எங்களோட சேர்ந்து வளரத்தானே வேணும். நாங்கள் அப்ப இருந்த மாதிரியே இப்பவும் இருக்கிறமோ?"

"அப்ப என்ன நினைச்சு எழுதினவை எண்டு கேட்டால் போச்சு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அமெரிக்காவில் இதைச் செய்ய முடியாது. எழுதியவர்கள் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பழைய கடிதங்களையும் பேச்சுக்களையும் கிண்டிக் கிண்டித்தான் பார்க்க வேண்டும். எங்களுடையதை எழுதியவர்களோ இரண்டாம் வரிசையில் வடை சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

அதுதான் தொல்லையாகப் போனது. ஒருவர், உறுப்பினரும் அடங்கும் என்றுதான் நினைத்தேன் என்றார். அடுத்தவர், பொய், அன்றைக்கு அவர் கூட்டத்துக்கே வரவில்லை என்றார். மூன்றாமவர், தான் அப்போது சாப்பாட்டைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்ததாக ஒத்துக்கொண்டார். நான்காமவர், அப்போது என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை, ஜெர்மன்காரருக்கு மண்டபம் கொடுக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன் என்றார்.

மாஸ்டர் அமெரிக்கா அண்ணையைப் பார்த்தார். "நீங்கள்தானே கையால எழுதினது. நீங்கள் சொல்லுங்கோ."

அமெரிக்கா அண்ணை எழும்பி நின்று, வாயில் ஒட்டியிருந்த வடைத் துகளைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கோ."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. மாஸ்டர் மணியை அடித்தார். "சரி. நான் எதிர். சரோஜா ஆதரவு. யோகநாதன்?"

மாப்பிள்ளை எழும்பினார்

ஒரு சொல். ஓம் என்றால் போதும். நான் அவரைப் பார்த்து, கண்ணை அகல விரித்து, வாயை மூடிக்கொண்டு ஓம் சொல்லுங்கள் என்று முகத்தாலேயே கத்தினேன். அது முடியாத காரியம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

யோகநாதன் எழும்பினார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை மடித்துக் கதிரையில் வைத்தார். உள்ளே போட்டிருந்த சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"எனக்கு இந்த வழக்கில தீர்ப்புச் சொல்ல ஏலாது. நான் விலகுறன்."

அமெரிக்கா அண்ணை துள்ளி எழும்பினார். "விலகலாம், விலகலாம்! அங்கயும் அப்பிடித்தான்! காரணம் சொல்லவே தேவையில்லை தம்பி!"

"அது அமெரிக்காவில, அண்ணை. நான் ஸ்டுட்கார்ட்டில இருக்கிறன். இங்க காரணம் சொல்லாட்டி நீங்களே ஒண்டை உண்டாக்கிப் போடுவியள்." அவர் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை நான்தான்."

 மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். யாரோ பெரிதாக, "அப்ப அந்த மொட்டைத்தலை?" என்று கேட்டார்கள். சரோஜா அக்கா மேசையில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று. மன்றம் சரிபாதியாகப் பிரிந்தால் முன்னர் இருந்த முடிவு அப்படியே நிற்கும். அமெரிக்காவிலும் அதுதான் வழக்கமாம். முன்னர் இருந்த முடிவு பரம் அண்ணையுடையது. மண்டபம் இல்லை.

ட்ராம் தரிப்பிடத்தில் நான் வெடித்தேன். "ஒரு ஓம்! ஒரு சின்ன ஓம் சொல்லியிருந்தால் மண்டபம் எங்கட கையில! அம்மா வாறா, நாள் வைச்சாச்சு, இப்ப எங்க போறது?"

"தெரியும்" என்றார். "ஆனால் நான் எனக்கே சான்றிதழ் எழுதின லிப்டில உம்மை ஏத்த மாட்டன்."

எனக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது. மூன்று ட்ராம் வந்து போகும்வரை அவரோடு கதைக்கவில்லை. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, அதை அன்று அவருக்குச் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசித் தரிப்பிடம்

அந்தக் கிழமை ஒரு காலை, நான் ட்ராமை மலையிலிருந்து நகரத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது, என் அறைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பரம் அண்ணை நிற்பதைக் கண்ணாடியில் கண்டேன். ஓட்டுநரோடு கதைக்கக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கும். அண்ணை அதை வாசித்தார். கதைக்கவில்லை. தான் இறங்க வேண்டிய இடம் தாண்டியும் இறங்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசித் தரிப்பிடம் வரை வந்தார். நான் கதவைத் திறந்ததும் ஆரம்பித்தார்.

"பிலோ, எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லை. வீட்டில மனுசி கதைக்கிறாவும் இல்லை. சட்டம் பிழை எண்டால் சட்டத்தை மாத்துவம். திருத்தம் கொண்டு வாரும். நான் உடன கையெழுத்து வைக்கிறன்."

அன்று பின்னேரமே அமெரிக்கா அண்ணைக்கு விடயம் போனது. அவர் மகிழ்ந்து போவார் என்று பார்த்தால், "தலைவரின்ர கையெழுத்து தேவையில்லை" என்றார். "அரசியலமைப்பைத் திருத்துறதில ஜனாதிபதிக்கு ஒரு வேலையும் இல்லை. சபையில மூண்டில ரெண்டு, பிறகு கிளையில நாலில மூண்டு. அவ்வளவுதான்."

பரம் அண்ணைக்கு முகம் சுருங்கிப் போனது. "ஒரு சின்னக் கையெழுத்துக் கூட இல்லையோ?"

"இல்லை."

"அப்ப நான் சும்மா ஒரு உறுப்பினராப் போய் ஆளாளாக் கேக்கலாம்தானே?" என்றார். கேட்டார். தன் பழைய காரில் கிளை கிளையாகப் போய்க் கேட்டார்.

சபை சுலபமாகத் தாண்டியது. ஸ்டுட்கார்ட் ஆதரவு. எஸ்லிங்கனில் அந்த ஓட்டக்காரர் எழும்பி, தன்னை ஓடவிட்ட சங்கம் பிலோமினாவைக் கட்டவிட வேண்டும் என்று பேச, கை தட்டலோடு ஆதரவு. பெப்லிங்கனில் மழை வந்தது போல எதிர்ப்பு. சைவப் பிள்ளையைக் கத்தோலிக்கக்காரி கொத்திக்கொண்டு போகிறாள் என்று ஒரு அக்கா அழுதாராம். அவர் யோகநாதனுக்குச் சொந்தமும் இல்லை. தோற்றுப்போனோம்.

மிச்சம் இருந்தது லுட்விக்ஸ்பர்க். மாஸ்டரின் கிளை.

மாஸ்டரின் கை

அன்றைக்கு அம்மா ஏற்கெனவே வந்துவிட்டார். கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பள்ளிக்கூட அறையில் சின்னக் கதிரைகளில் முழங்கால் இடிக்க எல்லோரும் இருந்தார்கள். அம்மா என் காதில், "இவை எல்லாரும் ஏன் பிள்ளை இப்பிடி யோசிக்கினம்?" என்றார்.

"எனக்குக் கலியாணம் செய்ய விடலாமோ எண்டு யோசிக்கினம், அம்மா."

"நாப்பத்திரண்டு வயசில இன்னும் என்ன யோசனை?" என்றார் அம்மா. மெதுவாகச் சொல்ல அவருக்கு வராது. அறை முழுக்கக் கேட்டது.

வாக்கெடுக்கும் முன் எல்லோரும் மாஸ்டரைத்தான் பார்த்தார்கள். மன்றத்தில் எனக்கு எதிராகச் சொன்னவர். அந்தக் கிளையில் பாதிப் பேர் அவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம் தூக்குகிறவர்கள். யோகநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டார், எல்லோர் முன்னிலையிலும், முதல் தடவையாக.

மாஸ்டர் எழும்பினார். கையை உயர்த்தினார்.

"ஆதரவு" என்றார்.

"மாஸ்டர், நீங்கள் எதிர் எல்லோ?" என்று கேட்டார்கள்.

"ஆர் சொன்னது நான் எதிர் எண்டு?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "எழுதியிருக்கேல்லை எண்டுதான் சொன்னன். எழுதக் கூடாது எண்டு எப்ப சொன்னன்? எழுதிறது நீதிபதியின்ர வேலை இல்லை, உங்கட வேலை. இப்ப நானும் உங்களில ஒருத்தன். எழுதுங்கோ!"

கைகள் எழும்பின. எண்ணவே தேவைப்படவில்லை. பரம் அண்ணை, கையெழுத்து வைக்க முடியாத தலைவர், எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டினார். நான் அழுதேன். வெங்காயம் இல்லாமல் சங்கத்தார் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

கத்தி

ஆவணியில் கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் மண்டபத்துக்குப் போனேன். வாசல் வரை தேங்காய்ப்பூ வாசம். பரம் அண்ணை கதவைத் திறந்துவிட்டிருந்தார், சபைக்காரர் கிடார அறையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அமெரிக்கா அண்ணை கிடாரம் கழுவிக்கொண்டு, இரண்டு திறப்பும் ஒன்றாக வேலை செய்வதன் சிறப்பைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பெப்லிங்கனில் அழுத அக்காவும் வந்திருந்தார். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து, "உப்புப் போதுமோ எண்டு பிறகு வந்து பாரும்" என்றார். அவ்வளவுதான், சமாதானம் ஆகிவிட்டது.

நடுவில் வெங்காய மூட்டை. அதைச் சுற்றி மாஸ்டர், சரோஜா அக்கா, பரம் அண்ணை. மூன்று பேருடைய கண்ணும் சிவந்து, மூக்கால் தண்ணீர் ஓடியது. பத்து வருடப் பழக்கம், என்னையறியாமல் குனிந்து ஒரு கத்தியை எடுத்து, காலியாக இருந்த வாங்கில் இருந்தேன்.

மாஸ்டர் கையை நீட்டி என் கையிலிருந்து கத்தியை வாங்கிவிட்டார்.

"மணப்பொம்பிளை வெங்காயம் உரிக்கக் கூடாது."

விட்டேனா நான்! "அது எங்க மாஸ்டர் எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

மாஸ்டர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்கள்.

"ஒரு இடத்திலயும் எழுதியிருக்கேல்லை" என்றார். "பேசாமல் இரும்."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்காக அவர்கள் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.